மூன்று புள்ளி ஒன்பது

பால் கூட்டுறவின் பின்கட்டில்
ஆர்டித்துக்கு ஒரு மேசை, ஒரு சுழலி,
கழுத்து நீண்ட இருபத்துநாலு கண்ணாடிக் குப்பிகள்.
பாலை ஊற்றி அதன்மேல் கந்தக அமிலம் விடுவாள்.
பால் கறுக்கும், கொதிக்கும்,
இருந்ததையெல்லாம் கைவிட்டுவிட்டு
கொழுப்பை மட்டும் கழுத்துவரை அனுப்பிவைக்கும்.
பொன்னிறத்தில் ஒரு விரற்கடை.
கவராயத்தின் காலை விரித்து அளப்பாள்:
ஓல்ஸ்டாட் வீட்டு மாடுகள், மூன்று புள்ளி ஒன்பது.
காசு அதற்குத்தான்.
தண்ணீருக்கு யார் தருவார்?

விஸ்கான்சினில் அது எண்பத்தொன்பதின் பிப்ரவரி.
உறைந்த ஏரிமேல் லாரி ஓடுகிற மாதம்.

அவள் கைப்பையில் ரோஜாநிற நோட்டு ஒன்று.
காலை: வறட்டு ரொட்டி, சுழியம்.
மதியம்: ஆடையெடுத்த தயிர், சுழியம்.
கொழுப்பில்லா பிஸ்கட் ஆறு,
சுழியம் சுழியம் சுழியம்.
இரவு: தோலுரித்த கோழி, இரண்டு கிராம்,
ஓரத்தில் பென்சிலால் ஒரு மன்னிப்பு.

செவ்வாய்தோறும் தேவாலயத்தின் கீழறையில்
காலணி கழற்றி, கடிகாரம் கழற்றி,
கல்யாண மோதிரமும் கழற்றி
எடைமேடை ஏறுவாள்.
மார்வெல் டெஷ் எண்ணை உரக்கப் படிப்பாள்.
முப்பத்தொரு பவுண்டு இறங்கிய அன்று
எல்லாரும் கைதட்டினார்கள்.
வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள்.
சாவியைத் திருப்ப வேண்டும் என்பது
நாற்பது நிமிடம் நினைவுக்கு வரவில்லை.
அழவுமில்லை.
அழுகைக்கும் கொஞ்சம் எண்ணெய் வேண்டும் போலும்.

சீப்பில் முடி. விரல்நுனியில் குளிர்.
கனவில் குழம்பு,
உருளைக்கிழங்குமேல் வழிந்துகொண்டேயிருக்கும் குழம்பு.
விழித்தால் மூன்று மணி.
“அழகாயிட்ட” என்றான் லேலண்ட்,
செய்தித்தாளிடம்.

டாக்டர் பூர்கே நல்ல மனிதர், மெதுவானவர்.
“மூளையில் தண்ணீரை வடித்துவிட்டால்
மிஞ்சுவதில் பாதிக்குமேல் கொழுப்பு.
அதைக் குறைத்ததால்தான் இப்படி என்று சொல்லமாட்டேன்.
குளிர்காலம் இருக்கிறது. பட்டினி இருக்கிறது.
அக்டோபரில் உன் தம்பியைப் புதைத்தோம், அதுவும் இருக்கிறது.
எது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட
உன்னுடையதைப் போல ஒரு சுழலி
என்னிடம் இல்லை, ஆர்டித்.”
மாத்திரை எழுதினார்.
அதற்குக் கீழே, அதே கோணல் எழுத்தில்,
மத்தி மீன், அக்ரூட், மூன்று வேளைச் சாப்பாடு.

அன்றிரவு விளக்கைப் போடாமல்
நின்றபடியே டப்பாவைத் திறந்தாள்.
ஆறு மீன்கள், தலையில்லாமல், ஒட்டிப் படுத்திருந்தன.
விரலால் எடுத்துத் தின்றாள்.
தகரத்தில் தேங்கிய எண்ணெயை
ரொட்டியால் துடைத்தாள்,
பிறகு ரொட்டி தீர்ந்துபோய்
சும்மா விரலால்.
நோட்டில் “மத்தி” என்று எழுதினாள்.
எதிரே எண் போடவில்லை.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை.
மார்ச் முழுக்க மார்ச்சாகவே இருந்தது.
ஆனால் ஒருநாள் ஓல்ஸ்டாட்டின் குப்பியை வெளிச்சத்தில் தூக்கி
கழுத்தில் நின்ற அந்த மஞ்சளை
அளக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் மேடை ஏறினாள், மோதிரத்தோடு.
“நாலு பவுண்டு ஏற்றம்” என்றாள் மார்வெல்,
மரண அறிவிப்பின் குரலில்.
“மெதுவாச் சொல்லு மார்வெல்,
மாடுங்க காதுல விழுந்தா
கூலிய ஏத்திக் கேக்கும்.”
அறை உறைந்தது.
பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

அந்த ஊரில் அதற்கு என்ன சொல்வார்களோ தெரியாது.
நம் பக்கமென்றால் ஒரே வார்த்தை:
பார்றா, கொழுப்ப.

வெளியே மழை, பனியாக மாறாத முதல் மழை.
காரில் ஏறி, சாவியைக் கையில் வைத்தபடி
உட்கார்ந்திருந்தாள்.
இருபது நிமிடம்.
இருபது.